அடைபடும் வழிகள்: கண்டிப் பிரதேச வீதிகளும் புயலும் ஊரடங்கும்

கண்டியைப் பற்றி எழுதியோர் அதன் மலைகளையும் வாவியையும் பெரஹராவையும் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அதன் வீதிகளைப் பற்றி, அவற்றிலே நாள்தோறும் வேலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் மக்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. வீதி என்பது திறந்திருக்கும்வரை எவர் கண்ணுக்கும் படுவதில்லை. அடைபட்ட பின்னரே அது பேசுபொருளாகின்றது. 2020 மார்ச் தொடக்கம் 2025 நவம்பர் வரையான ஆறாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் கண்டி மக்களின் வழிகள் மும்முறை அடைபட்டன. முதலில் தொற்றுநோய், அடுத்து எரிபொருளின்மை, இறுதியிற் புயல். இவற்றைத் தனித்தனி அனர்த்தங்களாகக் கருதுவதே வழக்கம். இவற்றை ஒருங்கு வைத்து நோக்கும்போது, எவருடைய பயணம் முதலில் நின்றது, எவருடைய பயணம் இறுதியில் மீண்டது என்ற வினா எழுகின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

வழியை அடைத்து வைத்தல் கண்டிக்குப் புதியதன்று. கண்டி மன்னர்கள் கரையோரத்திலிருந்து தம் தலைநகருக்கு நல்ல பாதை அமைவதை விரும்பவில்லை. அடர்ந்த காடும் ஒடுங்கிய கணவாயும் பெருக்கெடுக்கும் மகாவலியுமே அவர்தம் அரண்களாயிருந்தன. 1803 யூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை கண்டியை விட்டுப் பின்வாங்கியபோது, வட்டாபுளுவையில் மகாவலி பெருகி ஓடிற்று. கடக்க வழியின்றி நின்ற அப்படை அங்கேயே அழிந்தது. ஆங்கிலேயர் இப்பாடத்தை மறக்கவில்லை. 1815இல் இராச்சியத்தைக் கைப்பற்றி, 1818இன் கிளர்ச்சியை அடக்கிய பின்னர், ஆள்பதி எட்வேர்ட் பார்ண்ஸ் 1820களிற் கொழும்பு-கண்டி வீதியை அமைப்பித்தார். அதனை முன்னின்று நிறைவேற்றிய கப்டன் டோசனின் நினைவாக எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. மலையைத் துளைத்து அந்நியர் வரும்போது கண்டியரசு வீழும் என்றொரு பழங்கதை உண்டென்பர். கடுகண்ணாவையிற் பாறையைக் குடைந்து வீதி சென்றதை அக்கதையோடு சேர்த்துச் சொல்லுவோர் இன்றும் உளர். கதை முந்தியதா, குகை முந்தியதா என்ற ஆராய்ச்சியை நாட்டாரியலார்க்கு விட்டுவிடுவோம்.

ஈண்டுக் கவனிக்க வேண்டியது, வீதி எங்கே செல்ல வேண்டுமென்பதை முதலிற் படையும் பின்னர் கோப்பியும் தீர்மானித்தன என்பதே. 1867இற் கண்டியை அடைந்த புகையிரதப் பாதையும் கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே இடப்பட்டது. மலைச்சரிவில் வாழும் மனிதரின் அன்றாடப் போக்குவரத்து இத்திட்டங்கள் எவற்றிலும் நோக்கமாக இருந்ததில்லை.

கோப்பிக்கு உழைப்போர் வந்த வழி வேறு. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கால்நடையாகவே மலைநாட்டை அடைந்தனர். அவ்வழியிற் பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். நோய் பரவிய காலங்களில், நோயைச் சுமந்து வருவோர் இவர்களே என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்களைப் பட்டினியோடு அவ்வழியில் நடக்கவிட்ட முறைமை குற்றஞ்சாட்டப்படவில்லை. பிற்காலத்திலே தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் தனிமைப்படுத்தல் முகாம்கள் அமைந்தன. தொழிலாளி தோட்டத்துக்கு வரலாம். ஆனால் நோயற்றவன் என்று பிறர் சான்று கூறிய பின்னரே வரலாம். உழைப்பு நகரவேண்டும், உழைப்பவன் காவலில் இருக்கவேண்டும் என்ற இவ்வொழுங்கை நினைவிற் கொண்டே 2020க்கு வருகின்றோம்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. சில நாட்களுக்குள் கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், யாழ்ப்பாணம் ஆகியவற்றோடு கண்டி மாவட்டமும் கடும் அபாய வலயமாயிற்று. ஏனைய மாவட்டங்களில் ஊரடங்கு இடைக்கிடை தளர்ந்தபோதும் இங்கு நீடித்தது. மார்ச் மாத இறுதியில் அக்குறணை நகரம் முற்றாகத் தனிமைப்படுத்தப்பட்டது. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 வீதி அந்நகரின் நடுவே ஓடுகின்றது. நெடுந்தூரம் செல்வோர்க்கு வத்தேகமை வழியாக வேறு பாதையுண்டு. அக்குறணையின் கடைக்காரர்க்கும் கூலியாட்களுக்கும் அவ்வீதியே வாழ்வாயிருந்தது.

அதே வேளையிற் பெருந்தோட்ட வேலைகளும் விவசாயமும் ஊரடங்கிலிருந்து விலக்களிக்கப்பட்டன. ஏற்றுமதி தடைப்படலாகாது என்பது விளங்கக்கூடியதே. ஆயின் இதன் நடைமுறைப் பொருள் யாது? தோட்டத் தொழிலாளி மலையில் ஏறிக் கொழுந்து பறிக்கலாம். பறித்துப் பெற்ற கூலியோடு பட்டினத்துக்கு இறங்கி அரிசி வாங்க முடியாது. லயன் அறைகளிற் குடும்பங்கள் சுவரோடு சுவராக நெருங்கி வாழும் நிலையில், வீட்டிலே தனித்திருங்கள் என்ற அறிவுரை யாரை நோக்கிக் கூறப்பட்டதென்று கேட்கத் தோன்றுகின்றது. மே மாதம் முதல் அடையாள அட்டையின் இறுதி இலக்கத்தைக் கொண்டு இன்ன நாளில் இன்னார் வெளியே வரலாமென விதிக்கப்பட்டது. வாகனமுடையோர்க்கு அந்த ஒரு நாள் போதுமாயிருந்திருக்கலாம். பஸ் வண்டி ஓடாத மலைப்பாதையில் ஒருவர் நடந்து இறங்கி, கடையை அடைந்து, சுமையோடு மீண்டும் ஏறுவதற்கு அந்நாள் கழிந்துவிடும்.

2022இல் இலக்கம் மீண்டும் வந்தது. இம்முறை வாகனத் தகட்டின் இறுதி இலக்கம். அந்நியச் செலாவணி வற்றியமையால் எரிபொருள் வரவில்லை. யூலை மாதத்தில் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை முறை தொடங்கியது. பேராதனையிலிருந்து கலஹா வீதியில் அந்நாட்களில் அலுவலர்களும் மாணவர்களும் நடந்து செல்வதை நாம் கண்டோம், நாமும் நடந்தோம். மத்தியதர வகுப்பினர் நடக்க நேர்ந்தமையாற்போலும், அது நாட்டின் பெரும் நெருக்கடியெனப் பதிவாயிற்று.

புயலுக்கு வருவோம். புயல் கரையோரத்தாரின் துன்பம் என்பது மலைநாட்டாரின் நெடுநாள் நம்பிக்கை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் மன்னாரையும், 1978 நவம்பர்ப் புயல் மட்டக்களப்பையும் அழித்தன. ஆகவே புயலென்றால் கடலும் தென்னையும் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். 2025 நவம்பர் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. புயல் தொடங்குமுன்னரே, நவம்பர் 22ஆம் திகதி, கொழும்பு-கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் ஒரு கடையின்மீது சரிந்து அறுவர் இறந்தனர். ஆறு நாட்களின் பின், 28ஆம் திகதி, 'டித்வா' புயல் கிழக்குக் கரையால் நாட்டினுள் நுழைந்தது. யேமன் நாடு அளித்த இப்பெயர் சொகோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயராகும். நாடளாவிய ரீதியில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் இறப்பு மிகுந்தது கடற்கரை மாவட்டமொன்றிலன்று, கண்டியிலேயே.

இதற்கான காரணம் காற்றன்று, நீர். மெதுவாக நகரும் புயல் கடலிலிருந்து ஈரக்காற்றை இடைவிடாது உள்நாட்டுக்குத் தள்ளுகின்றது. மலைத்தொடர் அக்காற்றைத் தடுத்து மேலெழுப்ப, அது குளிர்ந்து பெருமழையாகப் பொழிகின்றது. கண்டி மலைகளின் பாறை நெடுங்காலமாகச் சிதைவுற்று, அதன்மேல் மண்ணும் கற்களும் கலந்த தளர்வான படிவு கிடக்கின்றது. மழைநீர் அதனுட் புகுந்து மண்டுணிக்கைகளுக்கு இடையிலுள்ள வெளிகளை நிரப்பும்போது, துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குறைகின்றது. மண்ணின் பாரமோ கூடுகின்றது. ஒரு கட்டத்திற் சரிவு தன்னைத் தானே தாங்க இயலாது வழுக்கிறது. வீதிக்காக மலையின் அடியை வெட்டுவது, சுவர் சாயாதிருக்க முட்டுக்கொடுத்த கல்லைப் பிடுங்குவது போன்றது. வெட்டிய முகத்துக்குத் தாங்குசுவரும் மேற்புறத்தில் நீர்வடிகானும் அமைத்து, வடிகானைக் குப்பை அடையாது பேணினால் ஆபத்து வெகுவாகக் குறையும். செலவு குறைவான இப்பணியே பெரும்பாலும் கைவிடப்படுகின்றது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு மூன்று படிநிலைகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல், 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல், 150ஐக் கடந்தால் வெளியேறுதல் என்பன அவை. அளவுகோல் தெளிவானது. அதன்படி நடப்போர்க்கு மூன்று தேவைகள் உள: எச்சரிக்கை தம் மொழியில் எட்டவேண்டும், போக இடம் இருக்கவேண்டும், போக வழி இருக்கவேண்டும். 2025இல் அறிவித்தல்கள் தமிழில் உரிய நேரத்திற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழ் ஆட்சிமொழியாகிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் இம்முறைப்பாடு எழுவதை மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்று மட்டும் கூறி அமைய நாம் தயாரில்லை.

அக்குறணையை மீண்டும் நோக்குவோம். 2020இற் காவலரணால் அடைபட்ட அதே வீதி, கடும் மழைக்காலங்களில் பிங்கா ஓயாவின் வெள்ளத்தால் அடைபடுகின்றது. ஓடையின் கரைகளிற் கட்டடங்கள் நெருங்கி எழுந்து, நீர் செல்லும் இடம் ஒடுங்கியமையே அதற்குத் தலையாய காரணம். வெள்ளத்தை இயற்கையின் சீற்றமென்று அழைப்பது கட்டட அனுமதி வழங்கியோர்க்கு வசதியானது.

இனி, வீதியின் உடைமை பற்றிச் சில. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியன; அடுத்த நிலை வீதிகள் மாகாணத்துக்கும், சிறு பாதைகள் உள்ளூராட்சி சபைகளுக்கும் உரியன. தோட்டப் பாதை தோட்ட நிருவாகத்துக்குரியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் பணம் தாராளமாகச் செல்வதைத் தடுத்து நின்றது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்த மக்கள், அச்சபையாற் தம் பாதையைச் செப்பனிடுவிக்க முடியாதிருந்தனர். 2018இலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த பாதை, சட்டம் திருத்தப்பட்ட மாத்திரத்தில் உறுதிபெற்றுவிடாது.

மண்சரிவின் பின்னர் இயந்திரங்கள் எங்கே முதலிற் செல்லுமென்பது இவ்வகுப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. மூடப்பட்ட வீதிகளின் பட்டியல் இலக்கங்களால் ஆனது: ஏ-1, ஏ-5, ஏ-9, ஏ-26. இலக்கமில்லாப் பாதை பட்டியலில் இடம்பெறாது. பட்டியலில் இல்லாதது மூடப்பட்டதாகவும் கொள்ளப்படாது. நோயாளியைச் சாக்குத் தூளியிற் கிடத்தி நால்வர் தோள்மாறிச் சுமந்து பெருவீதிக்கு இறங்குவது, பாதை நன்றாயிருக்கும் நாளிலும் சில மலைகளில் நிகழ்கின்றது. அத்தகைய இடத்தில் ஊரடங்கும் மண்சரிவும் ஒரே அனுபவத்தின் இரு பெயர்களாகின்றன. 2018இன் திருத்தத்தைப் பயன்படுத்தித் தத்தம் எல்லைக்குள் உள்ள தோட்டப் பாதைகளையெல்லாம் பிரதேச சபைகள் பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமிடலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பாதைகளை நடந்து அளக்க ஆட்கள் வேண்டும். அளக்கத்தக்க மாணவர் பேராதனையிற் பலர் உளர்.