வேலி தாண்டிய பந்தும் மூன்று ஓட்டங்களும்
வோபர்னுக்கு வந்து பேஸ்போலை முதன்முதலிற் கண்டபோது, பந்து வேலியைத் தாண்டிய பின்னும் வீரர் ஏன் ஓடுகிறார் என நாம் வியந்தோம். துடுப்பாட்டத்தில் ஆறு ஓட்டங்கள் தாமே வந்துசேரும். இங்கோ அடித்தவரும் தளங்களில் நிற்போரும் எஞ்சிய தளங்களை மிதித்து வந்தாலே ஆளுக்கோர் ஓட்டம்.

1993 ஒக்ரோபர் 23, ஸ்கைடோம் அரங்கு, உலகத் தொடரின் ஆறாம் ஆட்டம். ஒன்பதாம் சுற்றின் பின்பாதியில் பிலடெல்பியா 6, நமது புளூ ஜேஸ் 5. ஆட்டமிழந்தவர் ஒருவர், தளங்களில் இருவர். ஜோ காட்டர் அடித்த பந்து இடப்புற வேலிக்கப்பால் வீழ்ந்தது. மூவரும் வந்தனர், 8-6. தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகத் தொடர் ரொறன்ரோவுக்கே!

காட்டர் துள்ளித் துள்ளி ஓடினார். அக்களிப்பில் ஒரு தளத்தை மிதிக்கத் தவறி, எதிரணியும் முறையிட்டிருந்தால்? அவர் ஆட்டமிழந்திருப்பார், முன்னே வந்த இருவரின் ஓட்டங்கள் நிலைத்து, 7-6 என நாமே வென்றிருப்போம்.