மணலோடு மல்லுக்கட்டிய பிரேமன்

வட ஜெர்மனியின் பிரேமனுக்குப் போகிற பயணிகளில் பலர் சந்தைச் சதுக்கத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1404இல் நிறுவிய ரோலண்ட் கற்சிலை, அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த நகர மன்றம், கழுதைமேல் நாய், நாய்மேல் பூனை, பூனைமேல் சேவலாக நிற்கும் வெண்கலச் சிற்பம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஆனால் இந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்பதைச் சதுக்கம் சொல்லாது, வெசர் ஆற்றைக் கேட்க வேண்டும். கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி. 1380 வாக்கில் கட்டிய ஒரு மரக்கலம் 1962இல் ஆற்றைத் தூர்வாரும்போது கிடைத்தது. நீளம் 24 மீட்டருக்குள்தான். அந்த அளவுக் கப்பலுக்கு ஆறு போதும். கப்பல்கள் பெருத்து, ஆற்றில் மணலும் மேடிட்டபோது சிக்கல் முற்றியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சற்றுக் கீழே ஃபெகெசாக்கில் துறைமுகம் வெட்டிப் பார்த்தார்கள். அதுவும் பற்றவில்லை. 1827இல் மேயர் யோஹான் ஸ்மிட் ஹனோவர் அரசிடம் முகத்துவாரத்தில் நிலம் வாங்கி பிரேமர்ஹாஃபனை உருவாக்கினார். பின்னாளில் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கிருந்து கப்பலேறிப் புலம்பெயர்ந்தார்கள். அதோடும் பிரேமன் ஓயவில்லை. 1887 முதல் 1895 வரை பொறியாளர் லுட்விக் ஃபிரான்சியுஸ் ஆற்றின் வளைவுகளை நிமிர்த்தி, கடல் ஓதத்தின் வேகமே மணலை அரித்துச் செல்லும்படி படுகையை அமைத்தார். 5 மீட்டர் ஆழம் அமிழும் கப்பல்கள் நகருக்கே வந்தன.

ஊரை வளர்த்தது ஆறல்ல, குடிமக்களின் சுதந்திரம் என்பார்கள் சிலர். பேராயரின் அதிகாரத்துக்கு எதிரான சின்னம்தான் ரோலண்ட். முன்பிருந்த மரச்சிலையை 1366இல் பேராயரின் ஆட்கள் கொளுத்தினார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கான காசு கப்பலில் வந்தது. இன்று பெரும் சரக்குக் கப்பல்கள் பிரேமர்ஹாஃபனோடு நின்றுவிடுகின்றனவே, ஆற்றோடு போராடியதெல்லாம் வீண்தானே என்ற கேள்விக்கு வலு அதிகம். நகருக்குள்ளிருந்த ஊபர்ஸே துறைமுகத்தை 1998இல் நகரமே மணல் கொட்டி மூடியது. ஆற்றைத் திருத்தியதற்கும் விலை உண்டு: முன்பு பிரேமனில் அரை மீட்டர்கூட எழாத ஓதம் இப்போது சுமார் 4 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஆனாலும் அந்தப் போராட்டம் வீணாகவில்லை. இடையில் வேறு மாநில நிலம் கிடக்க, இவ்விரு ஊர்களும் சேர்ந்து ஜெர்மனியின் மிகச் சிறிய மாநிலமாக நீடிப்பது ஸ்மிட் வாங்கிய அந்த நிலத்தால்தான். ஆகவே சதுக்கத்துக்கு அரை நாள் போதும். மீதி நாளில் ரயிலேறி பிரேமர்ஹாஃபன் போகலாம். மேலே சொன்ன மரக்கலம்கூட அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.