விடை தெரியாதவருக்கு எழுதுவது

“பேசறதுக்கும் எழுதறதுக்கும் காலேஜ்ல தனிப் பாடமா சார்? பன்னிரண்டு வருஷமா பள்ளிக்கூடத்துல அதத்தானே செஞ்சா?”

சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் டீ குடிக்கும்போது பக்கத்துத் தெரு அண்ணன் கேட்டார். மகள் இந்த ஆண்டு பொறியியல் சேர்ந்திருக்கிறாள். நியாயமான கேள்வி.

பள்ளியில் அவள் எழுதியதெல்லாம் விடை தெரிந்தவருக்கு. திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். முக்கியச் சொல் விழுந்திருந்தால் மதிப்பெண். வேலைக்குப் போனபின் எழுதுவது தெரியாதவருக்கு. இயந்திரம் ஏன் நின்றது என்று அவள் எழுதும் அறிக்கையைப் படிப்பவர் அந்த இயந்திரத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். முதலாண்டில் பழக வேண்டியது இந்த மாற்றம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் முதலாண்டின் இரு பருவங்களிலும் தொழில்முறை ஆங்கிலத்தை வைத்திருந்தது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் மொழித்திறன் பயிற்சி தருகிறது. நல்ல ஏற்பாடுகள். அந்த வகுப்பு, மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தோடு முடிந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

நான் பாடம் எடுத்தால் இப்படித் தொடங்குவேன்: “சேத்தியாத்தோப்பிலிருந்து அண்ணாமலை நகருக்கு எப்படிப் போவது? வெளியூர்க்காரருக்கு எழுதிக் கொடு.” நம்மூர்ப் பிள்ளை, “குறுக்கு ரோட்டில் பஸ் ஏறவும்” என்று எழுதும். சாலையின் எந்தப் பக்கம்? புவனகிரி வழியாகப் போகும் பஸ்தானா? ஓசூரிலிருந்து வந்த மாணவர் அதைப் படித்து எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே கோடு போடட்டும். பிறகு திருப்பி எழுத வேண்டும். முதலில் தமிழில், தெளிந்தபின் ஆங்கிலத்தில். தமிழிலேயே குழம்பியதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பிள்ளை தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ளும். எத்தனை பிள்ளைகள் அப்படி வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

“அவளுக்கு நாலு பேர் முன்னால பேச்சே வராது சார்.”

பக்கத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த சீனிவாச சாஸ்திரி, ஆங்கிலப் பேச்சுக்கு உலகப் புகழ் பெற்றவர். பொதுவாழ்வுக்கு வருமுன் அவர் பள்ளி ஆசிரியர். தினமும் பிள்ளைகள் முன் நின்றதில் பழகிய நாக்கு அது என்றே நினைக்கிறேன். உங்கள் மகளுக்கும் வாரம் ஒருமுறை, இரண்டு நிமிடம், அதட்டாத ஒரு வகுப்பு கிடைத்தால் போதும் என்றேன்.

பேச்சு, எழுத்தோடு கல்லூரியில் பழக வேண்டிய இன்னொன்று கூட்டுவேலை. அதை அண்ணனுக்கு விளக்கவே வேண்டியதில்லை. அவர் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். கட்டிங் ஆர்டர் வந்தால் ஒருவர் அடிக்கரும்பை வெட்ட, ஒருவர் தோகை கழிக்க, ஒருவர் கட்டுக் கட்ட, டிராக்டர் காத்து நிற்கும். வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். ஒருவர் சுணங்கினால் எல்லோருக்கும் நட்டம். கல்லூரியிலோ ஐந்து பேர் பெயரில் வரும் புராஜெக்டை ஒரே பிள்ளை இரவெல்லாம் விழித்து முடிக்கிறது. மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருவர் செய்த பகுதியை இன்னொருவரை விளக்கச் சொல்லி மதிப்பெண் போட்டால், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்காமல் தப்ப முடியாது.

அண்ணன் இன்னொரு டீ சொன்னார். “அப்ப, இன்னிக்கு லேப்ல என்ன செஞ்சேன்னு ராத்திரி அவ பாட்டிகிட்ட சொல்லச் சொல்றேன்.”

பாட்டி நடுவில் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள் என்றேன்.