அறுபத்தொரு நாள் வரவு செலவு

குடும்பச் சிக்கனத்தைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை முதல் தேதியிலிருந்துதான் தொடங்குகின்றன. சம்பளம் வந்தவுடன் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும், எஞ்சியதை வாடகை, மளிகை, மருத்துவம் எனப் பகுக்க வேண்டும் என்று அவை கூறும். நல்ல அறிவுரைதான். ஆனால் இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் பெரும்பாலான வீடுகளுக்கு முதல் தேதி என்று ஒன்று கிடையாது. என் தந்தையார் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். தாயார் கடல்பாசி எடுக்கிறார். இருவருக்கும் கடல்தான் சம்பளப் பட்டியல் போடுகிறது. இத்தகைய வீட்டில் வரவு செலவுத் திட்டம் வகுப்பது எங்ஙனம் என்பதைக் கணிதம் பயிலும் மாணவி என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் நாட்காட்டி. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. தமிழகத்தில் 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்களாக நீண்டுள்ளது. மீதி 304 நாட்களிலும் தினந்தோறும் கடலுக்குப் போகலாமா எனின், அதுவும் இயலாது. பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு என்பது நெடுநாளைய ஏற்பாடு. 43 வாரங்களுக்கு மும்மூன்று நாள் எனில் 129 நாட்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாட்கள், படகுகள் சிறைபிடிக்கப்பட்டால் நடக்கும் வேலைநிறுத்த நாட்கள், எஞ்சின் பழுதான நாட்கள் ஆகியவற்றைக் கழித்து, எங்கள் வீட்டுக் கணக்கில் 90 நாட்கள் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

தாயாரின் கணக்கு வேறு. பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று எங்கள் பகுதிப் பெண்கள் தாங்களே வரையறுத்துக்கொண்டனர். அந்த வருமானம் முழுதும் குழுக்கடனின் வாரத் தவணைக்குப் போய்விடுகிறது. அதைப்பற்றிப் பின்னர் கூறுவேன்.

இனி, தடைக்காலக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாளொன்றுக்கு 250 ரூபாய் செலவு. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதாலும், மீன் மலிந்த நாட்களில் அப்பத்தா உப்பிட்டு உலர்த்தி வைத்த கருவாடு பானையில் இருப்பதாலும்தான் இந்த அளவில் நிற்கிறது. (அப்பத்தாவின் கருவாட்டுப் பானையும் ஒரு சேமிப்புக் கணக்கே, வட்டி மட்டும் கிடையாது.) 61 நாட்களுக்கு 15,250 ரூபாய். அரசின் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023-இல் மண்டபத்தில் நடைபெற்ற மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அதைக் கழித்தால் பற்றாக்குறை 7,250 ரூபாய்.

இத்தொகையை மாதத்திற்கு இவ்வளவு என்று பகுத்தால், திட்டம் முதல் புயலிலேயே உடைந்துவிடும். கடலுக்குப் போன நாட்களின் மேல்தான் பகுக்க வேண்டும். 7,250-ஐ 90-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 81. தந்தையார் பங்குப் பணத்தைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் 81 ரூபாய் தனியே போய்விட வேண்டும். படகு போகாத நாளுக்குப் பாக்கி இல்லை. நெஞ்சில் உறுத்தலும் இல்லை.

சேமிக்காமல் கடன் வாங்கினால் என்ன? எங்கள் தெருவில் நூற்றுக்கு மூன்று வட்டி. 7,250 ரூபாய்க்கு மாதம் 217 ரூபாய் 50 காசு. பத்து மாதம் கழித்து முதலைத் திருப்பினால் வட்டி மட்டும் 2,175 ரூபாய். நான்கு தடைக்காலங்களை இவ்வாறு கடந்தால் வட்டி 8,700. அஃதாவது வாங்கிய முதலையும் விஞ்சிவிடும். வட்டி என்று பெயர் சொல்லி வாங்கும் கடனாவது கண்ணுக்குத் தெரிகிறது. வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் தெரிவதில்லை. 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்தவர் சரக்கைக் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்து எடுக்கிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 400 கிலோ கொடுத்தால் 2,000 ரூபாய் இழப்பு, நூற்றுக்கு நாற்பது! "அவர் வட்டியே வாங்குவதில்லை" என்று நாமும் அவரைப் புகழ்ந்துகொண்டிருப்போம்.

இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் எளிய குடும்பங்களின் வரவு செலவைத் தொடர்ந்து குறித்து ஆராய்ந்து, 2009-இல் 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி பூர்' என்றொரு நூல் வெளிவந்தது. வருமானம் குறைவு என்பதோடு, அது ஒழுங்கின்றி வருவதும் அக்குடும்பங்களின் பெருந்தொல்லை என்று அந்நூல் காட்டியது. எங்கள் தெருவில் இதற்கு ஆராய்ச்சி தேவைப்பட்டிராது.

சேமித்த பணத்தை எங்கே வைப்பது? வீட்டு உண்டியலில் வைத்தால் மொய் கொண்டுபோய்விடும். ஆண்கள் கரையில் இருக்கும் காலம் என்பதால் திருமணம், காதுகுத்து எல்லாம் தடைக்காலத்தில்தான் நடக்கின்றன. வரவே இல்லாத மாதத்தில் ஐந்தாறு அழைப்பிதழ்கள்! மொய்யை வீண்செலவு என்று கூற நான் உடன்படேன். அது வட்டியில்லாக் கடன். நம் வீட்டு விசேடத்தில் திரும்பி வருவது. ஆகவே எங்கள் மொய் நோட்டைப் புரட்டி, நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன்.

தடைக்காலப் பணத்திற்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு போதும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக் கணக்காதலால் இதற்கு உதவாது. ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. ஆறு மாதத் தவணையை முன்னதாகவே சேர்த்துக் கட்டினால் நூறு ரூபாய்க் கணக்கிற்குப் பத்து ரூபாய் தள்ளுபடி தருகின்றனர். தவறிய தவணைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். இறால் நன்கு விழுந்த வாரத்தில் ஆறு மாதத்தையும் கட்டிவிடலாம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டமோ இன்னும் மேல்: நாம் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசுகள் 3,000 சேர்த்து, மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தருகின்றன. எந்த வங்கியிலும் காணாத வளர்ச்சி இது.

குழுக்கடனுக்கு வருவோம். கடல் மூடியிருந்தாலும் வசூலுக்கு வருபவர் வாரந்தவறாமல் வந்து நிற்கிறார். ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தின் கடன் தவணைகள் அனைத்தும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. கடன் பெறுவோரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை அமைக்கவும் கடன் தரும் நிறுவனங்கள் வழிவகை வைத்திருக்க வேண்டும். வாரத் தவணையை மாதத் தவணையாக்கும்படி கேட்கலாம் என்பதைத் தாயாரின் குழுவில் எவரும் அறிந்திருக்கவில்லை. நான் மனு எழுதிக் கொடுத்துள்ளேன்.

இத்தனை கணக்கும் எதற்காக? என் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். கல்லூரிச் சேர்க்கை நடப்பது தடைக்காலத்தின் இறுதியில், கையில் காசில்லாத வேளையில். "ஒரு வீட்டுக்கு ஒரு பட்டம் போதாதா ஆத்தா?" என்கிறார் தந்தையார். கடனுக்கு அஞ்சுகிறாரேயன்றிப் படிப்பை அவர் வெறுக்கவில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் என் கணக்கிற்கு வரும் 1,000 ரூபாய்தான் எங்கள் வீட்டில் மாதந்தவறாமல் வரும் ஒரே வரவு என்பதையும், அரசுப் பள்ளியிலேயே பயின்ற தங்கைக்கும் அது கிடைக்கும் என்பதையும் நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் அதை இருமுறை படித்தார். "தடைக்காலம் கடன் இல்லாமக் கழியட்டும், பார்ப்போம்" என்றார்.

இதை எழுதும் நாள்வரை படகு 62 நாட்கள் கடலுக்குப் போயிருக்கிறது. அஞ்சலகத்தில் 5,022 ரூபாய் இருக்கிறது. ஏப்ரல் 15-க்குள் இன்னும் 28 நாட்கள் போக வேண்டும்.