புற்றணுவை முதிரவைத்த மருந்து

முகப்பருவுக்குப் பூசும் டிரெட்டினாயின் களிம்பு நம் வயதினர் பலருக்கும் தெரிந்ததுதான். வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் அமிலம் அது. அதையே மாத்திரையாகக் கொடுத்து ஏ.பி.எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் சிகிச்சை அளிக்கிறார்கள்.

இந்நோயில் வெள்ளையணுக்கள் முதிர்ச்சியடையாமல் பாதியிலேயே நின்று பெருகும். ரத்தம் உறைவதும் பாதிக்கப்படுவதால், கடும் ரத்தக்கசிவில் நோயாளி சில நாள்களிலேயே இறக்கக்கூடும். வழக்கமான கீமோதெரப்பி அந்த அணுக்களைக் கொல்லப் பார்க்கும். ஷங்ஹாய் மருத்துவர் வாங் ஜென்யி வேறுவிதமாக யோசித்தார்: கொல்லாமல் முதிரவைத்தால் என்ன?

1985இல், உயிருக்குப் போராடிய 5 வயதுச் சிறுமிக்கு இம்மருந்தைக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில் 24 நோயாளிகளுக்கும் நோய் தணிந்தது. 23 பேருக்கு இம்மருந்து மட்டுமே போதுமானதாக இருந்தது. பிறகு ஆர்சனிக்கும் (ஆம், அதே நஞ்சுதான்!) துணைக்கு வந்தது. இன்று இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

உயிரணு எப்படி வளரவேண்டும் என்று கட்டளையிடும் பொருள் இது. அதனால்தான் கருவுக்கு ஆபத்தும். முகப்பருவுக்கு விழுங்கும் ஐசோடிரெட்டினாயின் இதன் உடன்பிறப்பு. கர்ப்பிணி உட்கொண்டால் குழந்தையின் மூளை, இதயம், காது உருவாவதே பாதிக்கப்படலாம். தோழியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையல்ல அது.