விடுமுறையில் எழுத்து ஏன் மறக்கிறது?

ஏப்ரலில் தடங்கலின்றி வாசித்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஜூனில் ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்றுவிடுவது ஏன்? சோம்பல் என்று திட்டாதீர்கள். பேச்சு கேட்டுக் கேட்டே வந்துவிடும். ஆனால் வாசிப்புக்கென்று மூளையில் பிறவியிலேயே அமைந்த இடம் கிடையாது. உருவங்களை அடையாளம் காணும் பகுதிதான் பழகிப் பழகி எழுத்தையும் ஒலியையும் இணைக்கிறது. தமிழிலோ 247 எழுத்துகள். ‘கொ’வைப் பாருங்கள்: கொம்பு முன்னே, கால் பின்னே, ஒலி மட்டும் நடுவிலுள்ள ககரத்தில் தொடங்குகிறது! இதையெல்லாம் எழுத்துக்கூட்டியே கடக்கும் பிள்ளைக்குக் கவனம் முழுவதும் அதிலேயே செலவாகி, பொருள் நழுவிவிடும். எழுத்தை ஒலியோடு இணைக்கும் பழக்கம் இறுகுமுன் வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தால் இணைப்பு தளர்கிறது.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885இல் எழுதினார்: மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது, பயிற்சியை நாள்களில் பரப்பினால் நினைவு நன்றாக நிலைக்கிறது. ஆகவே பள்ளி திறக்கும் வாரத்தில் மூன்று மணி நேரம் உட்காரவைப்பதைவிட, தினமும் கால் மணி நேரமே மேல். பேருந்தின் ஊர்ப்பெயர், கடைப் பலகை எதுவும் பாடம்தான். இன்று மாலை மளிகைச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.