ஆற்றுப் பக்கமிருந்து கோலகங்சார்

ஈப்போவிலிருந்து காரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் கோலகங்சாரை அடைந்துவிடலாம். நெடுஞ்சாலை வழியாக நுழைபவருக்கு முதலில் தெரிவது கடைவரிசைகளும் போக்குவரத்து விளக்குகளும்தான். வேறு எந்தச் சிறு நகரத்திலும் காணக்கூடிய காட்சி அது. அதே நகரைப் பேராக் ஆற்றில் ஒரு படகில் அமர்ந்து பார்த்தால் வேறோர் ஊராகத் தெரியும். கோலகங்சார் சாலையைப் பார்த்துக் கட்டப்பட்ட ஊர் அன்று. அது ஆற்றைப் பார்த்துக் கட்டப்பட்ட ஊர்.

மலாய் மொழியில் ‘கோல’ என்பது ஒரு சிற்றாறு பெரிய ஆற்றிலோ கடலிலோ கலக்கும் இடத்தைக் குறிக்கும். கங்சார் ஆறு பேராக் ஆற்றில் கலக்கும் இடம் ஆதலால் இப்பெயர் அமைந்தது. இதற்கு ஒரு வழிவழிக் கதையும் உண்டு. மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பேராக் ஆற்றில் கலக்கும் நூறாவது ஓடைக்கு ஒன்று குறைவாக, அதாவது 99ஆவது ஓடையாக, இது அமைந்ததாம். ‘நூற்றுக்கு ஒன்று குறைவு’ என்னும் பொருள்படும் ‘கூராங் சா’ என்ற சொல்தான் நாளடைவில் ‘கங்சார்’ எனத் திரிந்தது என்பார்கள். ஓடைகளை உண்மையில் யாரேனும் எண்ணினார்களோ இல்லையோ, ஆற்றைக் கொண்டே தங்கள் இடத்தை அடையாளம் கண்ட மக்கள் இவர்கள் என்பது அக்கதையில் தெளிவாகத் தெரிகிறது.

தீபகற்ப மலேசியாவின் இரண்டாவது நீளமான ஆறு பேராக் ஆறு. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைக்காடுகளில் தோன்றும் அது, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சாலையும் இரயிலும் வருவதற்கு முன்னர் மாநிலத்தின் பெருவழி இதுவே. அரிசியும் உப்பும் துணியும் ஆற்றில் மேலே வந்தன. ஈயமும் காட்டுப் பொருள்களும் ஆற்றில் கீழே போயின. ஈப்போவின் பிறப்பும் அப்படிப்பட்டதே. பேராக் ஆற்றின் கிளையாகிய கிந்தா ஆற்றில் படகு செல்லக்கூடிய எல்லையை ஒட்டி அந்நகர் வளர்ந்தது. இன்று பழைய நகரையும் புதிய நகரையும் பிரிக்கும் ஒரு நீர்க்கோடாகவே பலர் கிந்தா ஆற்றை நினைக்கின்றனர்.

ஆற்றைத் தன் கையில் வைத்திருப்பவரே மாநிலத்தை ஆண்டார். 1875ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் கொல்லப்பட்டதும் ஆற்றங்கரையில்தான். கோலகங்சாருக்குக் கீழே, பாசிர் சாலாக்கில், நீரில் மிதந்த குளியலறையில் இருந்தபோது அவர் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் 1877இல் ரெசிடென்டாக வந்த ஹியூ லோ என்பவர் கோலகங்சாரில் தங்கினார். இவரைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

நகரின் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அங்கே இருப்பது சாயோங் கிராமம். பாலம் வருவதற்கு முன்னர், சாயோங் மக்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வர ‘பெராகு தம்பாங்’ எனப்படும் கட்டணப் படகுகளையே நம்பியிருந்தனர். மிதிவண்டிகளையும் காய்கறிக் கூடைகளையும்கூடப் படகிலேயே ஏற்றிக்கொண்டு வந்தனர்.

படகோட்டி ஆற்றைக் கடக்கும் விதத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். எதிர்க்கரையில் உள்ள துறையை நோக்கி அவர் நேராகச் செலுத்துவதில்லை. படகின் முகப்பை நீரோட்டத்திற்கு எதிராகச் சற்றுச் சாய்த்தே வைத்திருப்பார். நேராகச் செலுத்தினால் நீர் படகைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விடும். சேர வேண்டிய துறையைத் தவறவிட்டு வேறெங்கோ கரையேற வேண்டியிருக்கும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது அன்றைய நீரின் வேகத்தைப் பொறுத்தது. இயற்பியல் பாடத்தில் இதற்குக் கணக்கு உண்டு. படகோட்டி அந்தக் கணக்கை எழுதிப் பார்ப்பதில்லை; மேல்நாட்டு மழைக்குப் பிறகு நீர் கலங்கி வரும் நிறத்தையும் மிதந்து வரும் கிளைகளின் ஓட்டத்தையும் பார்த்தே முடிவு செய்கிறார்.

முன்பு நீரின் வேகம் முழுவதும் மழையின் கையில் இருந்தது. 1926ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெருவெள்ளம் பேராக் ஆற்றங்கரை ஊர்களைச் சூறையாடியது. முதியோர் நெடுங்காலம் அதை வைத்தே ஆண்டுகளைக் கணக்கிட்டனர். 1930இல் நகருக்கு மேலே செண்டரோ அணை கட்டி முடிக்கப்பட்டது. நீரிலிருந்து மின்சாரம் எடுக்கக் கட்டப்பட்ட அந்த அணைக்குப் பின்னர் மேலும் மூன்று அணைகள் ஆற்றின் மேற்பகுதியில் எழுந்தன. ஆகவே, இன்று படகின் அடியில் ஓடும் நீரின் அளவை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை.

சாயோங் கரையில் இறங்கினால் களிமண்ணின் மணம் வரும். ‘லாபு சாயோங்’ எனப்படும் தண்ணீர்க் கூஜா இங்கேதான் செய்யப்படுகிறது. சுரைக்காய் வடிவில், பருத்த வயிறும் நீண்ட கழுத்துமாக இருக்கும் இக்கூஜாவின் கறுப்பு நிறம் வண்ணம் பூசி வந்ததன்று. சூளையில் சுட்ட கூஜாவைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து உமிக்குள் புதைக்கிறார்கள். உமி புகைந்து, அந்தக் கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் ஏறிக் கறுப்பாகப் படிகிறது. அதே நுண்துளைகள்தான் தண்ணீரையும் குளிர வைக்கின்றன. உள்ளிருந்து கசியும் ஈரம் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது கூஜாவின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. தமிழர் வீடுகளில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்கும் காரணம் இதுவே. குளிர்பதனப் பெட்டி வந்த பின்னர் இரண்டுமே அடுக்களையை விட்டு வெளியேறின. பானை பொங்கலுக்கு மட்டும் திரும்பி வருகிறது. லாபு சாயோங் பெரும்பாலும் வரவேற்பறை அலமாரியில் அழகுப் பொருளாக நிற்கிறது.

நகரத்துக் கரையில் நிலம் உயர்ந்து புக்கிட் சண்டான் எனும் மேடாகிறது. சுல்தானின் அரண்மனையாகிய இஸ்தானா இஸ்கண்டாரியா அங்கே இருக்கிறது. மாநிலத் தலைநகர் தைப்பிங்கிலிருந்து 1937இல் ஈப்போவிற்கு மாறியது. அரச நகரமோ கோலகங்சாராகவே நிலைத்தது. அதே மேட்டில் 1926இல் எழுந்த இஸ்தானா கெனாங்கான், ஆணி இல்லாமல் மரத்தால் இணைக்கப்பட்ட மாளிகை. மூங்கிலைப் பின்னி அமைத்த அதன் சுவர்களில் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையும் கலந்த கோலங்கள் காணப்படும்.

அருகிலுள்ள உபுடியா பள்ளிவாசலின் பொற்குவிமாடம் நாடறிந்தது. ஈப்போ இரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்பவரே இதையும் வடிவமைத்தார். 1913இல் தொடங்கிய வேலை 1917இல்தான் முடிந்தது. முதல் உலகப் போர் ஒரு காரணம்; மற்றொரு காரணம் யானைகள். இரண்டு யானைகள் தம்முள் சண்டையிட்டுக்கொண்டு, இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டன. அன்றைய பேராக்கில் யானை ஒரு வாகனமாகவும் இருந்தது. 1879இல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி கோலகங்சாருக்கு வந்தது யானை மேல்தான். ஹியூ லோவின் இல்லத்தில் அவருடன் உணவு மேசையில் அமர்ந்த விருந்தாளிகள் இரண்டு குரங்குகள் என்பதையும் அவர் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்!

நகருக்குச் சற்று மேலே, காராய் எனும் இடத்தில் விக்டோரியா பாலம் ஆற்றைக் கடக்கிறது. செங்கல் தூண்களின்மேல் இரும்புச் சட்டங்களுடன் நிற்கும் இந்த இரயில் பாலம் 1900இல் கட்டி முடிக்கப்பட்டது. சாதாரண நாள்களில் நீருக்கும் பாலத்திற்கும் இடையே உள்ள உயரம் மிகையாகத் தோன்றும். வெள்ள நாள்களை எண்ணியே அவ்வளவு உயரம் வைத்தனர். இரயில் வந்ததும் சரக்குகள் படகைவிட்டு வண்டிக்கு மாறின. 1932இல் இஸ்கண்டார் பாலம் சாலைக்கும் வழி திறந்தது. பிறகு சாயோங்கிற்கும் பாலம் கிடைத்தது. பாலங்கள் மக்களுக்கு நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. நோயாளியைப் படகில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்தவர் எவரும் பழைய நாள்கள் திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டார். ஆயினும், வாசலாக இருந்த ஆற்றங்கரை கொல்லைப்புறமாக மாறிப்போனதும் உண்மை.

ஜப்பானில் சிபா மாநிலத்தைச் சேர்ந்த சாவாரா நகருக்கும் இதே நிலை வந்தது. ஓனோ ஆற்றின் இரு கரைகளிலும் அரிசியும் சாக்கே மதுவும் வணிகம் செய்தவர்களின் மரக்கடைகள் நின்றன. சரக்கு ஏற்றி இறக்க ஒவ்வொரு கடைக்கு முன்னும் கற்படிகள் நீருக்குள் இறங்கின. படகு வணிகம் மறைந்த பின்னரும் நகரத்தார் அக்கடைகளை இடிக்காமல் காத்தனர். 1996இல் அரசாங்கம் அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட மரபு வட்டாரமாக அறிவித்தது. இன்று பயணிகள் சிறு படகில் அமர்ந்து, அந்தப் படிகளைக் கடந்து செல்கின்றனர். ஜப்பான் முழுவதையும் நடந்தே அளந்து வரைபடமாக்கிய இனோ தடாடகாவின் வீடும் அக்கரையில் இருக்கிறது. மது வடிக்கும் குடும்பத் தொழிலை ஐம்பது வயதில் விட்டுவிட்டு வானியல் படிக்கப் போனவர் அவர். அளக்கத் தொடங்கியது 55ஆம் வயதில். கோலகங்சாரின் ஆற்றங்கரையிலும் இப்போது நடைபாதைகளும் படகு உலாவும் உள்ளன. ஆனால், படகோட்டியின் சாய்த்துச் செலுத்தும் திறனையும் உமியில் கறுக்கும் கூஜாவையும் கட்டடத்தைப் போல் பட்டியலிட்டுக் காக்க முடியாது. கற்றுக்கொள்ள ஆள் வேண்டும்.

படகிலிருந்து இறங்கி நகருக்குள் நடந்தால், மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய மரம் நிற்கிறது. பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் எடுத்துச் சென்ற ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்பது கன்றுகளை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றுள் எஞ்சியது இம்மரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோது, பேராக்கின் காடுகள் தோட்டங்களாக மாறின. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்குக் கப்பலேறிய தமிழர்கள் கங்காணிகளின் பின்னால் அத்தோட்டங்களுக்கு வந்தனர். விடியுமுன் தலையில் விளக்குடன் மரம் வெட்டி, மங்குகளில் பால் சேர்த்து, லயங்களில் பிள்ளைகளை வளர்த்தனர்.

அத்தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கோலாலம்பூரிலும் வாழ்கின்றனர். பால்மரத்தைத் தொட்டுப் பார்க்காத தலைமுறை அது. கோலகங்சாருக்கு வருவோரும் பள்ளிவாசலையும் அரண்மனையையும் படம் பிடித்துக்கொண்டு, படகில் ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்புகின்றனர். மாவட்ட அலுவலகத்துக்கு வேலையாக வருவோர் அந்த மரத்தின் நிழலைக் கடந்து உள்ளே போகிறார்கள்.